செப்டம்பர் 22: இரண்டு நிமிடத்தில் எதைச் சொல்வது?

மேலூர் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். மேலூர்ப் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, குறள், பழமொழி எல்லாம் முடிந்ததும் ‘வரலாற்றில் இன்று’ என்று ஒரு பிள்ளை இரண்டு நிமிடம் பேசும். வரிசைப்படி செப்டம்பர் 22 எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு வந்திருக்கிறது.

ஆசிரியர் குழுக்களில் சுற்றும் வாட்ஸப் பட்டியலைத்தான் வழக்கமாகக் கொடுப்போம். இந்தத் தேதிக்கு அதில் இருப்பது: 1539 குரு நானக் மறைவு. 1791 மைக்கேல் பாரடே பிறப்பு. 1862 லிங்கன் அடிமை ஒழிப்பு அறிவிப்பு. 1914 செண்பகராமன் பிள்ளை எம்டன் கப்பலில் வந்து சென்னை மீது குண்டு போட்டது. 1931 எழுத்தாளர் அசோகமித்திரன் பிறப்பு. 1980 ஈரான் - ஈராக் போர் தொடக்கம். 2011 பட்டோடி மறைவு.

பிள்ளை ஒரு நிமிடத்துக்குள் கடகடவென்று வாசித்து முடித்துவிட்டாள். முடித்துவிட்டு, "இவங்கல்லாம் யாரு டீச்சர்?" என்றாள். எனக்கு மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. இத்தனை வருசமாக இப்படித்தான் வாசிக்க வைத்திருக்கிறோம்.

இதில் எது சரி, எது தப்பு, எதை வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

மாசி வீதி

டீச்சரம்மா, பட்டியல் போட்டவுகளுக்கு மதுரை தெரியலை. அந்தத் தேதியில நம்ம ஊர்ல நடந்ததுதான் முதல்ல வரணும்.

1921 செப்டம்பர் 22, வியாழக்கிழமை. காந்தி வேட்டி, சட்டை, குல்லா எல்லாத்தையும் விட்டுட்டு முழங்காலுக்கு மேல நிக்கிற அரைத்துணிக்கு மாறின நாள். மேலமாசி வீதியில் 251-ஆம் எண் வீட்டு மாடியில். முதல் நாள் ராத்திரி அங்கதான் தங்கினாக. இன்னைக்கும் அந்த வீடு இருக்கு, கீழே கதர்க் கடை. நான் அந்த வீதியிலயே வளர்ந்தவன். சின்னப் பிள்ளையில அந்தக் கடை வாசல் திண்ணையில உக்காந்து கோலி விளையாடியிருக்கேன், மாடியில என்ன நடந்துச்சுன்னு அப்ப ஒருத்தரும் சொல்லலை.

ஏன் மாறினாக என்கிறதைப் பிள்ளைக்கு விளக்கணும். அந்த வருசம் செப்டம்பர் 30-க்குள்ள அந்நியத் துணியை அடியோட ஒழிக்கணும்னு காங்கிரஸ் கெடு வச்சிருந்துச்சு. சென்னையில இருந்து மதுரைக்கு வரும்போது ரயில்ல கூட இருந்த சனங்க எல்லாரும் சீமைத் துணியிலதான் இருந்தாக. கதர் கட்டுங்கன்னு இவர் சொல்ல, அதை வாங்க எங்ககிட்ட காசு ஏதுன்னு அவுக சொல்ல, அதுக்கு இவர்கிட்ட பதில் இல்லை. அவர் அன்னைக்குப் போட்டிருந்தது குல்லா, சட்டை, முழு வேட்டி. சீமைத் துணியை எரின்னு ஏழைகிட்ட சொன்னா அவன் மாத்துத் துணிக்கு எங்க போவான்? அரைத்துணி போதும், அதையே கதர்ல கட்டுன்னு சொல்லணும்னா முதல்ல தான் கட்டிக் காட்டணும். அதுக்கு முன்னாடி ரெண்டு தரம் அந்த எண்ணம் வந்து தயங்கியிருக்காக. அதுல ஒண்ணு, அதே மாசம் வால்டேர் (இப்ப விசாகப்பட்டினம்) ஸ்டேசன்ல கிலாபத் தலைவர் மௌலானா முகமது அலியைக் கைது பண்ணின சமயம். மனசு துணிஞ்சது மதுரையில.

முதல்ல அக்டோபர் 31 வரைக்கும்னுதான் சொன்னாக. சாகுற வரைக்கும் அதுதான் உடை.

அந்த உடையில முதல் தடவையா கூட்டத்துக்கு முன்னாடி நின்ன இடம்தான் காமராஜர் சாலையில இருக்கிற காந்தி பொட்டல்.

அழகர்கோயில் ரோடு

ஐயா சொன்னது சரி. ஒரு சந்தேகம் மட்டும். சில இடங்களில் செப்டம்பர் 21 என்று போட்டிருக்கிறார்கள். எதை எடுப்பது?

இன்னொன்று, தமுக்கம் பக்கத்து காந்தி மியூசியத்தில் இருப்பது மதுரையில் கட்டிய துணி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது 1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டபோது அணிந்திருந்த, ரத்தக்கறை படிந்த துணி. பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள் டீச்சர்.

மாசி வீதி

மதுரைக்கு வந்தது 21. முடிவு எடுத்தது அன்னைக்கு ராத்திரி. உடை மாறினது 22 காலையில. அதனால ரெண்டு தேதியும் புழங்குது. நாள் கொண்டாடுறதுன்னா 22-தான்.

மியூசியம் விசயம் நல்லா சொன்னீக. அந்த மியூசியத்தை 1959 ஏப்ரல் 15-ல் நேரு திறந்து வச்சாக. கட்டடம் ராணி மங்கம்மாள் அரண்மனை.

துறைமுகம்

மதுரைக்காரன், முப்பது வருசமாகச் சென்னையில் இருக்கிறேன். எம்டன் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் பட்டியலில் அந்த வரிதான் தப்பு.

1914 செப்டம்பர் 22 செவ்வாய்க்கிழமை, இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுச் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. கேப்டன் பெயர் கார்ல் வான் முல்லர். கப்பலின் தேடுவிளக்கைக் கரையில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மேல் அடித்து, நூற்றுக்கு மேல் குண்டு போட்டார்கள். தொட்டிகள் பற்றிக்கொண்டு எரிந்தன. துறைமுகத்தில் சிலர் இறந்தார்கள். அரைமணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து கப்பல் இருட்டில் போய்விட்டது. மறுநாள் முதல் சென்னையைக் காலி பண்ணிக்கொண்டு ரயிலேறியவர்கள் ஏராளம். நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுப் பக்கம் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் அடித்து, எம்டன் பவளப்பாறையில் ஏறி ஒழிந்தது. குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் கல் உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் இருக்கிறது.

அதே 22-ஆம் தேதி காலையில் வட கடலில் ஒரே ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது. 1,400 பேருக்கு மேல் செத்தார்கள். கடலுக்கு ராஜா பிரிட்டன் என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில், காலையில் அங்கே, ராத்திரி இங்கே என்று ஒரே நாளில் அது ஆட்டம் கண்டது.

ஊரில் என் அப்பத்தா யாரையாவது "சரியான எமடன்" என்று சொல்லும். எமனிலிருந்து வந்த சொல் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இந்தக் கப்பல்தான் அது. கடலையே பார்க்காத உசிலம்பட்டிக் கிராமத்துக் கிழவி வாயில் ஒரு ஜெர்மன் ஊரின் பெயர் வசைச்சொல்லாகவும் பாராட்டாகவும் இருந்திருக்கிறது. பிள்ளை இதைச் சொன்னால் கூட்டத்தில் ஒரு தலையும் அங்கே இங்கே திரும்பாது.

செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இல்லை.

வாடிப்பட்டி வாசகன்

துறைமுகம் அண்ணே, கடைசி வரியை ஒத்துக்கொள்ள முடியவில்லை. செண்பகராமன் எம்டனில் வந்தார் என்று என் அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். மேடைப் பேச்சில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தமிழ் வீரனின் பெயரை இப்படி ஒரே வரியில் அழித்துவிடலாமா?

துறைமுகம்

தம்பி, பெயரை அழிக்கவில்லை. 1891-ல் திருவனந்தபுரத்தில் பிறந்து, பதினேழு பதினெட்டு வயதில் ஐரோப்பா போய், 1914-ல் சூரிச்சில் இருந்தபடி இந்திய ஆதரவுக் குழு அமைத்து, அக்டோபர் வாக்கில் பெர்லினுக்கு வந்து மற்ற புரட்சியாளர்களோடு சேர்ந்தவர் அவர். 1915 டிசம்பரில் காபூலில் அமைந்த சுதந்திர இந்திய அரசில் வெளியுறவு அமைச்சர். 1934-ல் பெர்லினில் இறந்தார். செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில் இருந்த மனிதர் அதே செப்டம்பரில் வங்காள விரிகுடாவில் சுற்றிக்கொண்டிருந்த கப்பலில் எப்படி இருக்க முடியும்? எம்டன் அதற்கு முன் சீனக் கடலோரத்தில் சிங்தாவ் துறைமுகத்தில் நின்ற கப்பல். ஐரோப்பாவிலிருந்து வரவே இல்லை.

அவர் செய்ததே ஏராளம். செய்யாத ஒன்றை அவர் மேல் ஏற்றி வைத்தால், நாளைக்கு ஒருவன் அதைப் பொய் என்று காட்டும்போது செய்ததையும் சேர்த்துச் சந்தேகப்படுவான். அந்தக் கவலையில்தான் சொன்னேன். அப்பா சொன்ன கதை மேல் உங்களுக்கு இருக்கும் பற்று எனக்கும் புரிகிறது.

வாடிப்பட்டி வாசகன்

சிங்தாவ் விசயம் எனக்குத் தெரியாது. யோசிக்கிறேன் அண்ணே.

வான்நோக்கி

செப்டம்பர் 22 அல்லது 23-ல் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வரும். பகலும் இரவும் ஏறக்குறைய சமம். பிள்ளைகளைக் கையால் செய்ய வையுங்கள் டீச்சர்.

மதுரை, மேலூர் எல்லாம் வடக்கே சுமார் 10 பாகையில் இருக்கின்றன. ஒரு மீட்டர் குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நட்டால் அன்று உச்சிப்பொழுதில் நிழல் வடக்கே 17, 18 சென்டிமீட்டர் விழும். உச்சிப்பொழுது என்பது கடிகாரத்துப் பன்னிரண்டு கிடையாது, நமக்கு அன்று சுமார் 12.10. நிழலே இல்லாத நாள் நமக்கு ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் வரும், அது கடந்துவிட்டது. நிழலின் நீளத்தைக் குச்சியின் நீளத்தால் வகுத்தால் வருவதிலிருந்து நம் ஊரின் அட்சரேகையைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். எட்டாம் வகுப்புக்கு அளந்து எழுதினாலே போதும்.

கரிசல்காட்டான்

மூன்று தலைமுறையாகப் பருத்தி யாவாரம் பார்த்த வீடு எங்களுடையது, திருமங்கலத்துக்குத் தெற்கே. டீச்சரின் பட்டியலைப் பார்த்ததும் 1862-ம் மாசி வீதி ஐயா சொன்ன 1921-ம் எனக்கு ஒரே விசயமாகத் தெரிந்தன. பிள்ளைக்கு இரண்டு நிமிடம்தான் என்றால் என் வாக்கு இதற்கு.

1862-ல் லிங்கன் அந்த அறிவிப்பைச் செய்தபோது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் ஒன்றரை வருசமாக நடந்துகொண்டிருந்தது. தெற்கு மாநிலங்களின் செல்வம் பருத்தி. பருத்தியை எடுத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். அந்தப் பஞ்சில்தான் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் ஓடின. அந்த ஆலைத் துணிதான் நம் நெசவாளி வயிற்றில் அடித்தது. போரில் வடக்குக் கப்பல்கள் தெற்குத் துறைமுகங்களை மறித்ததும் பஞ்சு வரத்து நின்றுபோனது. லங்காஷயரில் ஆலைகள் மூடி, தொழிலாளிகள் பட்டினி கிடந்தார்கள். பஞ்சுக்கு இந்தியாவைத் தேடி வந்தார்கள். கரிசல் பூமியில் பருத்தி விலை எகிறியது. 1865-ல் போர் முடிந்ததும் அதே வேகத்தில் விழுந்தது.

அப்படிப் பழகிய பருத்தியை நம்பித்தான் அந்த நூற்றாண்டின் கடைசியில் ஹார்வி சகோதரர்கள் அம்பாசமுத்திரம் பக்கமும் தூத்துக்குடியிலும் பிறகு மதுரையிலும் நூல் ஆலை வைத்தார்கள். மதுரை ரயில்வே ஸ்டேசன் பக்கம் சங்குச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1921-ல் மாடியிலிருந்து அரைத்துணியோடு இறங்கி வந்த மனிதர் எதிர்த்து நின்றது அதே லங்காஷயர் துணியை. சரியாகப் பத்து வருசம் கழித்து, 1931 செப்டம்பர் கடைசி வாரத்தில், மதுரையில் உடுத்திய அதே உடையில் லங்காஷயருக்கே போனார். வேலை இழந்த ஆலைத் தொழிலாளிகள் நடுவில் போய் நின்றார். அடிப்பார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. பெண் தொழிலாளிகள் அவரைச் சுற்றி நின்று ஆரவாரம் செய்யும் போட்டோ இன்றைக்கும் இருக்கிறது.

அடிமை எடுத்த பஞ்சு, பட்டினி கிடந்த ஆலைக்காரன், தறி நின்றுபோன நம் நெசவாளி, ரயிலில் காசில்லை என்று சொன்ன அந்தச் சனம். ஒரே நூல். அந்தப் பிள்ளை போட்டிருக்கிற சீருடையும் பருத்திதானே?

மாசி வீதி

கரிசல்காட்டாரே, படிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அறுபத்தெட்டு வயசுக்கு இதை இப்பத்தான் சேத்துப் பாக்குறேன்.

ரெண்டு விசயம் மட்டும். ரெண்டும் ஒரே தேதியில வந்தது தற்செயல். பருத்திச் சம்பந்தம் நெசம், தேதிச் சம்பந்தம் தற்செயல். பிள்ளை மனசுல ரெண்டும் ஒண்ணாப் போய் உக்காந்துறக் கூடாது. நாள் பொருத்தம் பாத்து நடந்ததுன்னு நினைச்சுரும்.

அடுத்தது, பட்டியல்ல ‘அடிமை ஒழிப்பு’ன்னு மொட்டையா இருக்கு. 1862 செப்டம்பர் 22-ல வந்தது முன்னறிவிப்பு. ஜனவரி 1-க்குள்ள கிளர்ச்சி மாநிலங்கள் திரும்பி வராட்டி அங்க இருக்கிற அடிமைகள் விடுதலைன்னு. அரசு பக்கம் நின்ன மாநிலங்கள்ல இருந்த அடிமைகளுக்கு அது பொருந்தாது. நாடு முழுக்க ஒழிஞ்சது 1865 டிசம்பர்ல, அரசியல் சட்டத்தைத் திருத்தி.

ஹார்விபட்டி பேரன்

என் தாத்தாவும் பாட்டியும் அந்த மில்லில் வேலை பார்த்தவர்கள். தொழிலாளிகளுக்குக் கட்டிய குடியிருப்புதான் எங்கள் ஊர், திருப்பரங்குன்றத்துக்கு அந்தப் பக்கம். பாட்டி வேலை முடிந்து வரும்போது தலைமுடியெல்லாம் பஞ்சாக இருக்கும் என்று அம்மா சொல்லும். கரிசல்காட்டார் எழுதியதை இன்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னது.

லோயர் கேம்ப்

பாரடேயை யாரும் தொடவில்லையே. கொல்லன் மகன், சரியான பள்ளிப்படிப்பு கிடையாது, புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலைக்கு இருந்தபடி பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானி ஆனவர். காந்தத்தை அசைத்தால் கம்பிச் சுருளில் மின்சாரம் வரும் என்று 1831-ல் கண்டுபிடித்தார். பெரியாறு தண்ணீர் குழாயில் இறங்கி எங்கள் ஊர் பவர்ஹவுஸில் சுற்றும் ஜெனரேட்டரும், அதே தண்ணீர் கால்வாய் வழியாக மேலூர் வந்த பிறகு அங்கே கிணற்றில் ஓடும் பம்ப்செட்டும் அந்தக் கண்டுபிடிப்புதான். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் சொல்ல இவரைவிடப் பொருத்தமான பிறந்தநாள்காரர் யார்?

அழகர்கோயில் ரோடு

குரு நானக் தேதி பற்றிச் சின்னதாக. 1539-ல் இன்றைய கிரிகோரியன் நாள்காட்டியே கிடையாது, அது 1582-ல் வந்தது. அந்த 22 ஜூலியன் கணக்கு. இன்றைய கணக்குக்கு மாற்றினால் அக்டோபர் 2 வரும். சீக்கியர்கள் செப்டம்பர் 22-ல் நினைவுகூர்வதால் பட்டியலில் இருப்பதில் தப்பில்லை. பழைய தேதிகளை மற்றதோடு ஒரே வரிசையில் வைக்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

சோழவந்தான் செல்வி

பிறந்தநாள்கள் பற்றி நானும் ஒன்று சொல்லணும். நம் பக்கம் பழைய ஆட்களுக்குப் பள்ளிச் சான்றிதழில் இருப்பது பெரும்பாலும் பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் போட்ட தேதி. எங்கள் வீட்டில் அப்பா, சித்தப்பா, பெரியப்பா மூன்று பேருக்கும் பிறந்த மாதம் ஜூன். அப்பா பிறந்தது தை மாசம், பூச நட்சத்திரம் என்று ஆச்சி சொல்லும். வீட்டில் நட்சத்திரம் பார்த்துத்தான் கோயிலில் அர்ச்சனை. அதனால் பெரிய மனிதர்களின் பிறந்த தேதியிலும் இரண்டு விதம் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அசோகமித்திரனுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. 1931, செகந்திராபாத். ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்து, பிறகு எழுத்தையே நம்பி வாழ்ந்தவர். 1996-ல் சாகித்ய அகாதமி விருது. சத்தம் போடாமல் எழுதியவர். அவருடைய சிறுகதை ஒன்றை வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள் டீச்சர், கூட்டத்தில் பெயர் சொல்வதைவிட அது மேல்.

மேலூர் டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதை அப்படியே பிள்ளையிடம் கொடுத்து, எதைப் பேசுவது என்று அவளையே முடிவு பண்ணச் சொன்னேன். பருத்தியை எடுத்தாள். எம்டனை விடவும் மனசில்லை, கடைசியில் ஒரு வரி கேட்டு வாங்கினாள்.

இன்று காலை பேசினாள். இரண்டு நிமிடம் மூன்றரை நிமிடமானது, தலைமையாசிரியர் நிறுத்தவில்லை. மேலமாசி வீதி மாடி, ரயிலில் காசில்லை என்று சொன்ன சனங்கள், அமெரிக்காவில் பஞ்சு எடுத்தவர்கள், ஹார்வி மில். மாசி வீதி ஐயா சொன்னபடி, "ஒரே தேதியில வந்தது தற்செயல், ஆனா பஞ்சு ஒண்ணுதான்" என்று அவளே சேர்த்துச் சொன்னாள். சீருடை முந்தானையைப் பிடித்துக் காட்டினாள். அதை நான் சொல்லித் தரவில்லை. செண்பகராமன் பெயரைத் தனியாக, அவர் உண்மையில் செய்ததோடு ஒன்பதாம் மாதப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம், வாடிப்பட்டி வாசகனுக்காக.

மதியம் தேர்வுக்கு முன்னால் குச்சி நட்டோம். 12.10-க்கு நிழல் 18 சென்டிமீட்டர். தரை கொஞ்சம் சரிவு.

அடுத்த சனிக்கிழமை எட்டாம் வகுப்பை மேலமாசி வீதிக்குக் கூட்டிப்போக அனுமதி கேட்டிருக்கிறேன். 34 பிள்ளைகள். மாசி வீதி ஐயா, கதர்க் கடை மாடிக்குப் பிள்ளைகளை ஏற விடுவார்களா, முன்கூட்டியே யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

மாசி வீதி

நாளைக்குக் காலையில நடந்து போய்க் கேட்டுட்டு வந்து சொல்றேன் டீச்சரம்மா. சனிக்கிழமை நானும் வாரேன். பிள்ளைகளை மேலூர் பஸ்ல மாட்டுத்தாவணியில இறக்கி, அங்கிருந்து பெரியார் நிலையத்துக்கு டவுன் பஸ் ஏத்துங்க. இறங்குற இடத்துல நிப்பேன்.